அறுந்த இழையைத் தேடி

நுழையும்முன்

பழுதடைந்த பொருளைத் தூக்கி எறிவது எளிது. பழுது எங்கே உள்ளது எனத் தேடிக் காண்பதற்கு அறிவும் பொறுமையும் வேண்டும். வீட்டுக் கணினியின் பழுதை முறையாக ஆராய்ந்து, குறைந்த செலவில் அதன் ஆற்றலைப் பெருக்கும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை இராஜபாளையமும் திருவில்லிபுத்தூரும். முன்னது நூற்பாலைகளுக்குப் பெயர்பெற்றது. பின்னது ஆண்டாள் கோயிலுக்கும் பால்கோவாவுக்கும் பெயர்பெற்றது. நூற்பாலையில் சுழலும் நூற்றுக்கணக்கான கதிர்களுள் ஒன்றில் இழை அறுந்தால், தொழிலாளி எந்திரம் முழுவதையும் நிறுத்துவதில்லை. அறுந்த இழை எதுவெனக் கண்டு, அதனை மட்டும் இணைக்கிறார். கணினியின் பழுதை நீக்குவதும் இத்தகைய பணியே.

ஒரு வீடு, ஒரு கணினி

தமிழ்நாடு அரசு, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கியது. எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதல் கணினி. இராஜபாளையத்தில் ஆலைத் தொழிலாளி ஒருவரின் வீட்டில் அத்தகைய மடிக்கணினி ஒன்று இருப்பதாகக் கொள்க. அக்காள் பயன்படுத்தியது, இப்போது தம்பியின் கைக்கு வந்துள்ளது. அது இயங்கத் தொடங்கவே ஐந்து நிமிடங்கள் ஆகின்றன; அரைமணி நேரத்தில் சூடேறித் தானே அணைகிறது; சில நாள்களில் திரை இருண்டே கிடக்கிறது.

“இனி இது உதவாது, பழைய சாமான்காரரிடம் போட்டுவிடலாம்” என்கிறார் தந்தை. தம்பிக்கோ புதுக்கணினி வாங்க வழியில்லை. மறைந்த பாட்டியின் ஒளிப்படங்களும் அக்கணினியிலேயே உள்ளன.

தேடலின் நெறிகள்

பழுதுபார்ப்பவர் பின்பற்றவேண்டிய நெறிகள் நான்கு. கணினி இயங்கும்போதே கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்தல் முதலாவது. பாகத்தை மாற்றலாம், அழிந்த படத்தை மாற்ற இயலாது. எளிய காரணத்திலிருந்து அரிய காரணத்திற்குச் செல்லுதல் இரண்டாவது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்தல் மூன்றாவது. மூன்றை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பது விளங்காது. செய்தவற்றைக் குறித்துவைத்தல் நான்காவது.

திரை இருள்வதேன்?

முதலில் மின்சாரம் வருகிறதா எனக் காணவேண்டும். மின்னேற்றியை வேறு மின்செருகியில் பொருத்திப் பார்த்தாலே சில ஐயங்கள் தீரும். விளக்கு எரிந்து, விசிறி சுழன்று, திரை மட்டும் இருண்டிருந்தால் ராம் எனப்படும் நினைவகத்தை ஐயுறலாம். அதன் பொன்னிறத் தொடுமுனைகளில் அழுக்கோ துருவோ படிந்தால் தொடர்பு விட்டுவிட்டுக் கிடைக்கும். மின்இணைப்பையும் மின்கலத்தையும் நீக்கிய பின்னரே கணினியைத் திறக்கவேண்டும். உடலிலுள்ள நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கும். ஆதலால் மண்தொடர்புள்ள உலோகத்தைத் தொட்டபின், நினைவகத்தைக் கழற்றித் தொடுமுனைகளைத் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தவேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

சூடேறுவதேன்?

பால்கோவா கிண்டுபவர் அடுப்பின் அனலைக் கண்காணித்துக்கொண்டே இருப்பார். கவனம் தவறினால் பால் அடிப்பிடிக்கும். கணினியின் மையச் செயலகமும் தன் வெப்பத்தைத் தானே கண்காணிக்கிறது. வெப்பம் மிகுந்தால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் மிகுந்தால் கணினி அணைந்துவிடும். எனவே அணைதல் என்பது நோயன்று. நோயை உணர்த்தும் அறிகுறி. விசிறியிலும் காற்றுவழியிலும் படிந்த தூசியையும் பஞ்சிழைகளையும் அகற்றவேண்டும். செயலகத்துக்கும் வெப்பம் கடத்தும் உலோகத்துக்கும் இடையே காய்ந்துபோன பசையைத் துடைத்துப் புதிது இடவேண்டும்.

தாமதம் ஏன்?

பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் வன்தட்டு. தரவு இருக்கும் இடத்திற்குப் படிமுனை நகர்ந்து செல்லவேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் நொடியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு செலவாகும். கணினி தொடங்கும்போது இத்தகைய தேடல்கள் பல்லாயிரம். எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் பகுதியே இல்லை. தேடும் நேரம் நூறு மடங்குவரை குறையும். ஆகவே நினைவகம் ஓரளவு போதுமானதாயின், பழைய கணினிக்குச் செய்யத்தக்க முதல் மேம்பாடு வன்தட்டை மாற்றுவதே. 2 ஜிபி நினைவகம் மட்டும் இருந்தால், தாய்ப்பலகை ஏற்கும் அளவுக்கு அதனையும் கூட்டலாம்.

தெரிந்து தெளிவோம்

டிடிஆர்3 நினைவகத்தின் வெட்டு ஓரிடத்திலும் டிடிஆர்4 நினைவகத்தின் வெட்டு வேறோரிடத்திலும் அமைந்துள்ளன. ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. வாங்குமுன் பழைய நினைவகத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தல் நன்று. 32 பிட் இயங்குதளம் பொதுவாக 4 ஜிபி வரையிலான நினைவகத்தையே பயன்படுத்தும்.

எல்லை அறிதல்

எல்லாப் பழுதும் வீட்டில் தீர்வதில்லை. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது; அது தீப்பற்றும். மேசைக்கணினியின் மின்வழங்கிப் பெட்டியைத் திறத்தலும் தகாது; இணைப்பை நீக்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். தாய்ப்பலகை கெட்டால் தேர்ந்த தொழில்நுட்பரை நாடவேண்டும். அவர் கேட்கும் தொகை கணினியின் மதிப்பை மிஞ்சினால் அதனைக் கைவிடுவதே அறிவுடைமை.

கைவிடும்போதும் பொறுப்பு உண்டு. பழைய மின்சுற்றுப் பலகைகளின் பற்றாசில் காரீயம் கலந்திருக்கும். எரித்தாலும் புதைத்தாலும் அது மண்ணையும் நீரையும் சேரும். இந்நகரங்களை அடுத்த மலைப்பகுதி, 2021ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகமாகும். அம்மலையடிவாரத்தில் வாழ்வோர் மின்னணுக் கழிவை முறையான மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது கடமை.

அத்தம்பி நினைவகத்தைத் துடைத்துப் பொருத்துகிறான், தூசியை அகற்றிப் பசையிடுகிறான், வன்தட்டை மாற்றுகிறான். ஒவ்வொன்றின் விளைவையும் ஏட்டில் குறிக்கிறான். கணினி ஒரு நிமிடத்திற்குள் இயங்கத் தொடங்குகிறது. நகலெடுத்து வைத்த படங்களுள் ஒன்றைத் திறந்து, பாட்டியின் முகத்தைத் தந்தைக்குக் காட்டுகிறான். நாள்தோறும் ஆலையில் அறுந்த இழையைத் தேடி இணைக்கும் அவருக்கு, மகன் செய்த வேலை இன்னதென விளக்கவேண்டிய தேவை இல்லை.