ஓர் ஒலிபெருக்கிக்கு இரு விரியலாக்கி வேண்டுமா?

ஒரு விளக்கு எரியும் அறையிலே மற்றொன்றையும் ஏற்றினால் ஒளி மிகும் என்பது யாவரும் அறிந்ததே. ஓர் ஒலிபெருக்கிக்கு இரண்டு விரியலாக்கிகளை இணைத்தால் ஓசையும் அவ்வாறே சிறக்குமா? இவ்வினா எம்மிடம் வந்த வகையை முதற்கண் கூறி, அதன் விடையைப் பின்னர் ஆராய்வாம்.

ஹெவ்லொக் டவுனிலே, முன்னாளில் வெள்ளவத்தை நெசவாலை இருந்த நிலத்திற்கு அணித்தாக, மாடிமனை ஒன்றில் எம் பழைய மாணவர் ஒருவர் வதிகின்றார். அவருடைய தந்தையார் எண்பது வயதை அணுகியவர். திரைப்படங்களிற் பாட்டைவிட உரையாடலையே சுவைப்பவர். அண்மைக் காலமாக அப்பெரியவர், “பாட்டுக் கேட்குது, பேச்சுத்தான் விளங்கேல்லை” என்று கூறிப் படத்தின் நடுவிலேயே எழுந்து போய்விடுவாராயினர். மகன் மனம் வருந்திக் கடையொன்றை நாடினார். “முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கருக்கும் இன்னொரு அம்பிளிபயர் பூட்டுங்கள், பேச்சுத் தெளியும்” என்றனர் கடையினர். அதன் விலையோ ஆசிரியர் ஒருவரின் பல மாதச் சம்பளம். பொருளைக் கொடுக்குமுன் அவர் எம்மிடம் வந்தார்.

ஓசையைப் பற்றிய கேள்வியைத் தமிழாசிரியரிடம் கேட்டது பொருந்துமோ எனின், பொருந்தும் என்போம். காரைதீவிற் பிறந்து மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் விளங்கிய விபுலாநந்த அடிகள், விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றமையாலன்றோ 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட முடிந்தது? அவர் காட்டிய வழியிலே, பௌதிகம் கற்பிக்கும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு இவ்வாராய்ச்சியிற் புகுந்தோம்.

1. சொல்லும் பொருளும்

கடையினர் அம்பிளிபயர் என்பதனை எம் விஞ்ஞான பாடநூல்கள் விரியலாக்கி என்னும். அது நலிந்த மின்சைகையை வலுவுள்ளதாக்கி ஒலிபெருக்கிக்கு அளிக்கும். ஒலிபெருக்கிப் பெட்டியினுள்ளே பெரும்பாலும் இரு வாய்கள் உள. பெரியது வூபர், அது தாழ்ந்த ஓசைகளைத் தரும். சிறியது ருவீற்றர், அது உயர்ந்த ஓசைகளைத் தரும். செக்கனுக்கு ஏறத்தாழ 2000 முதல் 3000 வரையான அதிர்வுகளை எல்லையாகக்கொண்டு, வந்த சைகையை இரண்டாகப் பிரித்து உரிய வாய்க்கு அனுப்பும் சுற்று ஒன்று பெட்டிக்குள் உண்டு. அதனைப் பிரிசுற்று என ஈண்டு வழங்குவாம்.

சில பெட்டிகளின் பின்புறத்தில் இரண்டு சோடி முனைகள் உலோகத் தகட்டால் இணைக்கப்பட்டிருக்கும். அத்தகட்டைக் கழற்றி, ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு விரியலாக்கியைப் பூட்டுதலே பை-அம்பிங் எனப்படும் இரட்டை விரியலாக்கம். தகட்டைக் கழற்றாது பூட்டினால் இரு விரியலாக்கிகளும் ஒன்றோடொன்று மோதிப் பழுதடையக்கூடும். மாணவர் இதனை மறவாதிருக்க.

2. இருவகை

இரட்டை விரியலாக்கம் இருவகைப்படும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதலே பெரும்பாலான மயக்கத்திற்குக் காரணம்.

முதல்வகையிற் சைகை விரியலாக்கிக்குச் செல்லுமுன்னரே பிரிக்கப்படும். ஒரு விரியலாக்கி தாழ்ந்த ஓசையை மாத்திரம் பெறும். மற்றையது உயர்ந்ததை மாத்திரம் பெறும். பெட்டிக்குள் இருக்கும் பிரிசுற்று நீக்கப்படும். பெரிய இசையரங்குகளிலும் திரையரங்குகளிலும் கையாளப்படுவது இம்முறையே. இவ்வாறு பிரிக்கும் சுற்றுகளைப் பற்றிச் சீக்பிரீட் லிங்விட்ஸ் என்பார் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இன்றும் இத்துறையினர்க்கு வழிகாட்டி.

இரண்டாம் வகையிற் பெட்டிக்குள் இருக்கும் பிரிசுற்று அவ்வாறே இருக்கும். இரு விரியலாக்கிகளும் முழுச் சைகையையும் பெறும். வீட்டுத் திரையரங்குக் கருவிகளில் நடைபெறுவது பெரும்பாலும் இதுவே. இது, இரண்டு ஆசிரியரை நியமித்து, இருவரையும் தமிழ், கணிதம் என்னும் இரு பாடங்களையும் ஆயத்தஞ்செய்து வரப் பணித்து, வகுப்பில் ஒருவரைத் தமிழும் மற்றவரைக் கணிதமும் மாத்திரம் படிப்பிக்க விடுதல் போலாம். ஆயத்தத்திற் பாரம் குறையவில்லை அன்றோ?

3. கணக்கு

உவமை ஒன்றே போதாது, கணக்காற் காட்டுவாம். ஒலிபெருக்கியின் தடை 8 ஓம் என்க. தாழ்ந்த ஓசையொன்றுக்கு உச்ச மின்னழுத்தம் 10 உவோற்று. உயர்ந்த ஓசையொன்றுக்கும் 10 உவோற்று. இரண்டும் சேர்ந்து உச்சமடையும் கணத்தில் 20 உவோற்று வேண்டும். வலுவானது மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதமாகும். ஆகவே 10 உவோற்று உச்சத்திற்கு 6.25 உவாற்று விரியலாக்கி போதும். 20 உவோற்றுக்கோ 25 உவாற்று வேண்டும்.

முதல்வகையில் ஒவ்வொரு விரியலாக்கியும் 10 உவோற்றையே தரவேண்டும். எனவே 6.25 உவாற்று விரியலாக்கிகள் இரண்டு, அதாவது மொத்தம் 12.5 உவாற்று, ஒற்றை 25 உவாற்று விரியலாக்கியின் தொழிலைச் செய்யும். இரண்டாம் வகையில் இரண்டும் முழுச் சைகையையே பெறுதலால் ஒவ்வொன்றும் 20 உவோற்றையும் தாங்கவேண்டும். ஆதலின் இந்த இலாபம் கிடையாது.

4. தடையும் விடையும்

“மின்னோட்டமாவது பகிரப்படுமே?” எனின், உண்மை. வூபருக்கு உரிய ஓட்டம் ருவீற்றருடைய விரியலாக்கியிற் பாயாது. சிறிது நன்மை உண்டு. ஆனால் ஒரே றிசீவரின் உள்ளே இருக்கும் விரியலாக்கிகள் பெரும்பாலும் ஒரே மின்வழங்கியிலிருந்தே உண்கின்றன. ஒரே கிணற்றில் இரண்டு துலா இட்டால் நீர் இரட்டிக்குமா?

“வலு இரட்டித்தாலோ?” எனின், வலு இரட்டித்தால் ஓசை 3 டெசிபெல் மாத்திரமே உயரும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு வலு வேண்டும். வீட்டிற் சாதாரணமாகக் கேட்குமிடத்துச் செலவாவதோ ஒரு சில உவாற்றே.

“கேட்டவர்கள் வேறுபாடு கண்டோம் என்கின்றனரே?” எனின், ஓசை இம்மியளவு உரத்தாலும் மனம் அதனைத் தெளிவு என்று கொள்ளும், பணம் கொடுத்த மனமோ இன்னும் விரைந்து கொள்ளும். ஆகலின், ஒலிபெருக்கியின் முனையில் மின்னழுத்தத்தை அளந்து இருமுறைகளையும் சமப்படுத்திய பின்னரே ஒப்பிடல் வேண்டும்.

5. சோதனை

அம்மாணவர் வீட்டு றிசீவரிற் பயன்படாதிருந்த இரு விரியலாக்கிகள் இருந்தன. அவற்றைக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்தோம். இணைப்பு எது என்று கேட்போர் அறியாவண்ணம் நண்பர் திரைக்குப் பின்னே மாற்றினார். எம் விடைகளிற் சரியும் பிழையும் ஏறத்தாழச் சமமாயின. காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவே.

அப்பொழுதுதான் மூலப்பிழை ஒன்று புலனாயிற்று. வீட்டுத் திரையரங்கிற் பேச்சின் பெரும்பகுதி வருவது இடம் வலம் நிற்கும் பெட்டிகளிலிருந்து அன்று, நடு ஒலிபெருக்கியிலிருந்து. கடையினர் மருந்திடச் சொன்ன இடம் ஒன்று. நோய் இருந்த இடம் வேறு! நடுப்பெட்டியோ அலுமாரித் தட்டின் உள்ளே ஒடுங்கி, கேட்போரின் முழங்காலை நோக்கியிருந்தது.

பேச்சில் உயிரெழுத்துகள் ஓசைக்கு வலுத் தருவன. மெய்யெழுத்துகள் பொருளை வேறுபடுத்துவன. மெய்களைப் பிரித்தறியும் குறிப்புகளிற் பல செக்கனுக்கு 2000 முதல் 4000 வரையான அதிர்வுகளில் உள. முதுமையில் முதலிற் குறைவது உயர்ந்த ஓசைகளைக் கேட்கும் ஆற்றலே. ஆதலாற் பெரியவருக்குச் சத்தம் கேட்டது, சொல் விளங்கவில்லை.

நடுப்பெட்டியைத் தட்டின் விளிம்பிற்கு இழுத்து, செவியை நோக்கிச் சாய்த்தோம்; அதன் அளவை 3 டெசிபெல் உயர்த்தினோம். வெறுஞ் சீமெந்துச் சுவருக்குத் தடித்த திரையும், தரைக்குக் கம்பளமும் இடச்செய்தோம். 80க்குக் கீழ்ப்பட்ட மீடிறன்களைச் சப்வூபருக்கு ஒதுக்கினோம். அதற்குத் தன் விரியலாக்கி உண்டு; சைகையும் முன்னரே பிரிந்து செல்கின்றது. ஆகவே மெய்யான இரட்டை விரியலாக்கம் அவ்வீட்டில் முன்னரே இருந்தது என்க! ஐந்து மீற்றர் நீளமுள்ள அவ்வறை 35 அளவான மீடிறனிற் பரிவுற்று முழங்கும். அம்முழக்கத்தைச் சப்வூபரின் இடத்தை மாற்றித் தணித்தோம்.

6. துணிபு

சைகையை முன்னரே பிரிக்கும் இரட்டை விரியலாக்கம் பயனுடையது. பெரிய அரங்கிற்கு இன்றியமையாதது. முழுச் சைகையையும் இரண்டிற்கும் ஊட்டும் முறை, வீட்டிற் செவிக்குப் புலனாகும் பயனைப் பெரும்பாலும் தாராது. பயன்படாத விரியலாக்கி கையில் இருப்பின் பூட்டிப் பார்த்தலில் இழப்பில்லை. அதற்கெனப் பொருள் செலவிடுதல் வேண்டா.

மாணவர் சேமித்த பணத்திற் சிறுபகுதி தந்தையாரின் செவிப்புலன் பரிசோதனைக்கும் பின்னர் செவிக்கருவிக்கும் சென்றது. சென்ற மாதம் அவ்வீட்டிற்குப் போயிருந்தோம். படம் முடியும்வரை பெரியவர் எழுந்திருக்கவில்லை. இடையிற் பேசிய எம்மைத்தான், “மாஸ்டர், கொஞ்சம் பொறுங்கோ, அவன் என்ன சொல்லுறான் எண்டு கேட்பம்” என்று அடக்கினார்.