மர வாத்து செதுக்கும் பழக்கம் எப்படி வந்தது?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் எங்கள் சம்பந்தி ஓய்வு நேரத்தில் மரத்தில் வாத்து செதுக்குகிறார். அவருடைய நண்பர்களும் வாத்துதான் செதுக்குகிறார்களாம். ஏன் வாத்து?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேட்டைக்காகத்தான் அம்மா. தன் இனம் நிம்மதியாக மேயும் இடத்தில் காட்டு வாத்து நம்பி இறங்கும். அதனால் பொய் வாத்துகளை நீரில் மிதக்கவிட்டு, வேட்டைக்காரர்கள் மறைவில் காத்திருப்பார்கள். இது அந்த மண்ணின் பழங்குடிகள் கண்டுபிடித்த உத்தி. நெவாடா மாநிலத்தின் லவ்லாக் குகையில் 1924-இல் கிடைத்த கோரை வாத்துகளுக்கு வயது 2,000 ஆண்டுகளுக்கு மேல். சாயம் பூசி, இறகும் செருகியிருக்கிறார்கள்.

பின்னால் குடியேறிய ஐரோப்பியர்கள் அதை மரத்தில் செய்தார்கள். லேசான வெள்ளை சீடர் மரத்தை இரண்டு பாதியாகக் குடைந்து ஒட்டுவார்கள். கவிழாமல் இருக்க அடியில் ஈயம். அடித்துக்கொண்டு போகாமல் இருக்கக் கயிற்றில் ஒரு எடை. வர்ணம் வெயிலில் மின்னினால் பறவை மிரளும் என்பதால் மங்கலான பூச்சுதான். கழுத்தை உயர்த்திய வாத்து ஆபத்துக்கு அறிகுறி. ஆகவே தலையைத் தாழ்த்தி, சாவகாசமாக இருக்கும் வாத்தையே அதிகம் செதுக்கினார்கள். பறவையின் குணம் தெரியாதவரால் இது முடியாது.

ரயில் வந்தபின் நகரத்து ஓட்டல்களுக்காகப் பறவைகளைக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளினார்கள். 1918-இல் வலசைப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்து அந்த வியாபாரத்தை நிறுத்தியது. இந்தப் பொழுதுபோக்கு பிறந்ததற்கு அந்தச் சட்டமே பெரிய காரணம் என்பது என் எண்ணம். கொலைக்கருவியாக இருந்த பொருளை மக்கள் அதன் பிறகுதான் கலையாகப் பார்க்கத் தொடங்கினார்கள். நியூயார்க் கட்டடக் கலைஞர் ஜோயல் பார்பர் பழைய மர வாத்துகளைத் தேடிச் சேர்த்து, 1934-இல் புத்தகமே எழுதினார். மேரிலாந்தின் கிறிஸ்ஃபீல்டில் முடிதிருத்தும் தொழில் செய்த லெம், ஸ்டீவ் வார்டு சகோதரர்கள், வேட்டைக்காகச் செதுக்கத் தொடங்கி, பிறகு அலங்காரப் பறவைகளுக்கு மாறினார்கள். அவர்கள் பெயரில் 1971 முதல் உலகப் போட்டி நடக்கிறது.

இப்போது போட்டிக்குச் செய்பவர்கள் இறகின் ஒவ்வொரு இழையையும் சூடான பேனாவால் சுட்டு வரைகிறார்கள். பிரமாதமான வேலை. ஆனாலும் நாலைந்து வெட்டிலேயே இன்ன வாத்து என்று தூரத்திலிருந்து சொல்லவைக்கும் பழைய வேட்டை வாத்துதான் எனக்கு உசத்தி. எல்மர் க்ரோவெல் என்ற செதுக்குக் கலைஞரின் ஊசிவால் வாத்து ஒன்று 2007-இல் 11.3 லட்சம் டாலருக்கு விலைபோனது.

அதே ஊசிவால் வாத்து குளிர்காலத்தில் உங்கள் பக்கத்து வடுவூர் ஏரிக்கும் வருகிறது. உங்களுக்கும் செதுக்கிப் பார்க்க ஆசையிருந்தால் குமிழ் மரம் கைக்கு இணங்கும். கத்தியை எடுக்கும் முன் மார்கழி, தையில் ஒரு காலை நேரம் வடுவூருக்குப் போய் அந்தப் பறவையைப் பார்த்துவிடுங்கள்.