ஒளியை மறைக்கும் ஒளி: நகர வானில் விண்மீன் திரள்களைப் படமெடுத்தல்

முன்னுரை

வானத்தைப் பாடாத புலவர் அரியர். விண்மீன்கள் பூத்த வானம் என்னும் தொடரை வகுப்பில் விளக்கிக்கொண்டிருந்த ஒருநாள், மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, எங்கள் தெருவில் நின்று எண்ணினால் இருபது விண்மீன்கூடத் தேறாது. பூத்த வானத்தை நாங்கள் எங்கே காண்பது?" என்று வினவினார். சொல்லுக்குப் பொருள் கூறிய நம்மால் அன்று பொருளைக் காட்ட இயலவில்லை. அவ்வினாவுக்குக் காலந்தாழ்த்தி அளிக்கும் விடையே இக்கட்டுரை. நகர விளக்குகளின் நடுவே, வீட்டுக் கொல்லையில் தொலைநோக்கியை நிறுத்தித் தொலைதூர விண்மீன் திரள்களைப் படமெடுப்போர் உலகெங்கும் உளர். அவர்தம் முறையை ஆராய்ந்து, இழந்த வானத்தில் எதனை மீட்கலாம், எதனை மீட்க இயலாது என்பதை எடுத்துரைப்பதே ஈண்டு நம் நோக்கமாகும்.

சிறுமுகிலின் வரலாறு

நம் பால்வெளி மண்டலத்தைப் போன்றே கோடானுகோடி விண்மீன்கள் கூடிய தொகுதிகளை விண்மீன் திரள்கள் என்கிறோம். அவற்றுள் அண்ட்ரோமீடா என்பது ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. பாரசீக நாட்டு இஸ்பஹானில் வாழ்ந்த முஸ்லிம் வானியல் அறிஞர் அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி, கி.பி. 964ஆம் ஆண்டளவில் இயற்றிய விண்மீன் நூலில் இதனை ஒரு சிறுமுகில் எனக் குறித்துள்ளார். இத்திரளைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவாக இதுவே பொதுவாகக் கருதப்படுகிறது. அவரிடம் தொலைநோக்கி இல்லை. இருண்ட வானமும் கூர்ந்த பார்வையுமே இருந்தன.

அம்முகிலின் சுருள் வடிவத்தை முதன்முதல் தெளிவாகப் படத்தில் காட்டியவர் ஐசக் ராபர்ட்ஸ். கட்டட ஒப்பந்தத் தொழிலில் பொருளீட்டிய இவர், இங்கிலாந்தின் லிவர்பூல் அருகே தம் இல்லத்தில் 20 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை நிறுவி, 1888இல் மணிக்கணக்கில் ஒளித்தகட்டைத் திறந்துவைத்து அப்படத்தை எடுத்தார். பின்னர், மேலும் தெளிந்த வானத்தை நாடி 1890இல் தென்னிங்கிலாந்தின் குரோபரோவுக்குக் குடிபெயர்ந்தார். நல்ல வானத்துக்காக வீட்டையே மாற்ற அவரால் இயன்றது. அவ்வாறு இயலாதோர் என் செய்வது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒளிமாசின் இயல்பு

தெருவிளக்குகளும் விளம்பரப் பலகைகளும் மேல்நோக்கி வீசும் ஒளி, காற்றிலுள்ள மூலக்கூறுகளிலும் தூசியிலும் பட்டுச் சிதறி மீண்டும் நம்மை வந்தடைகிறது. வானம் முழுவதும் சாம்பல் நிறத் திரை விரித்தாற்போல் ஆகிவிடுகிறது. இதனையே ஒளிமாசு என்பர். பெருநகர் வானம், இயற்கையான இருள் வானத்தைவிட 40 மடங்கு ஒளியுடையதாக இருத்தல் அரிதன்று. விண்மீன் திரளின் விளிம்புகளோ இருள் வானத்தின் இயல்பான ஒளியைவிடவும் மங்கியவை. எனவே நகரவாசியின் கண்ணுக்கு அவை தென்படுவதில்லை.

எனினும், ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நகரத்தின் ஒளி, திரளின் ஒளியைத் தடுப்பதில்லை. 25 லட்சம் ஆண்டுகள் பயணம் செய்த அவ்வொளி நம் கொல்லை வரை வந்து சேரத்தான் செய்கிறது. தேரோடும் தெருவின் இரைச்சலில் ஒருவர் மெல்லப் பேசினால் அப்பேச்சு இல்லாமற் போவதில்லை. கேளாமற் போகிறது, அவ்வளவே. திரளின் ஒளியும் அத்தகையதே.

பிரித்தெடுக்கும் முறை

இவ்விரண்டு ஒளிகளையும் எவ்வாறு பிரிப்பது? வானத்தின் ஒளி இவ்வளவு என்று அளந்து, அதனைப் படத்திலிருந்து கழித்துவிடலாமே என்று தோன்றும். கழிக்கலாம், ஆனால் அது மட்டும் போதாது. மழை பெய்யும் முற்றத்தில் இரண்டு கிண்ணங்களை அருகருகே வைத்தால், இரண்டிலும் விழும் துளிகள் சரியாக ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. ஒளியும் துகள்துகளாகவே வருவதால் அதிலும் இவ்வேறுபாடு உண்டு. துகள்களின் சராசரி எண்ணிக்கை எவ்வளவோ, அதன் வர்க்கமூலமே இவ்வேறுபாட்டின் அளவு என்பது கணித விதி.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். கேமராவின் உணர்வியில் ஒரு புள்ளியில், ஒரு படத்தின்போது வானத்திலிருந்து 400 துகள்களும் திரளிலிருந்து 4 துகள்களும் விழுவதாகக் கொள்வோம். 400இன் வர்க்கமூலம் 20. இருபது அளவுக்கு ஏறியிறங்கும் வான ஒளியில் நான்கு துகள்கள் புலப்படா. இவ்வாறே 400 படங்கள் எடுத்துக் கூட்டினால், வானத் துகள்கள் 1,60,000. அவற்றின் ஏற்றஇறக்கம் 400. திரளின் துகள்களோ 1,600. ஏற்றஇறக்கத்தைப் போல நான்கு மடங்கு ஓங்கி, திரள் தன் வடிவத்தைக் காட்டத் தொடங்குகிறது. ஒரு படத்தில் இல்லாதது நானூறு படங்களில் உண்டாகவில்லை; ஒவ்வொன்றிலும் மறைந்திருந்தது கூட்டத்தில் வெளிப்பட்டது.

செயல்முறையில், புவியின் சுழற்சிக்கு ஈடாக மணிக்கு 15 பாகை வீதம் திரும்பும் தாங்கியில் தொலைநோக்கியைப் பொருத்துவர். நிலவற்ற இரவில், திரள் உச்சிவானை நெருங்கும் வேளையைத் தேர்வர். அடிவானத்தில் நகரத் திரை மிகத் தடித்திருக்கும். நெடுநேரம் திறந்துவைத்தால் வான ஒளியால் படம் வெளுத்துவிடும் ஆதலின், சிறுசிறு நேரப் படங்களாகப் பல நூறு எடுத்துக் கணினியால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவர். ஏதேனும் ஒரு படத்தில் மட்டும் விழுந்த விமானக் கோடு இவ்வகையில் நீங்கிவிடும். வண்ண வடிகட்டிகள் வாயு முகில்களைப் படமெடுக்கப் பெரிதும் உதவும். திரளின் ஒளியோ விண்மீன்களின் ஒளி. எல்லா நிறங்களும் கலந்தது. இன்றைய வெள்ளை எல்.இ.டி. விளக்கின் ஒளியும் அவ்வாறே கலந்ததாகலின், ஒன்றை விலக்கி மற்றொன்றை மட்டும் விடும் வடிகட்டி இல்லை. ஆகவே பொறுமையே இங்குக் கருவி. இருண்ட ஊரில் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் தெளிவை, 40 மடங்கு ஒளிமிக்க நகரில் பெற ஏறத்தாழ 40 மணி நேரம் வேண்டும்.

ரொசாரியோ நகரத்து இரவு

இப்பொறுமைக்குக் கிட்டிய பரிசு ஒன்றுண்டு. அர்ஜென்டினாவின் பெருநகரங்களுள் ஒன்றான ரொசாரியோவில் வாழும் விக்டர் பூசோ, பூட்டுச்செய் தொழிலர். 2016 செப்டம்பர் 20 அன்று இரவு, தம் வீட்டில் அமைத்திருந்த தொலைநோக்கியில் புதிய கேமரா ஒன்றைச் சோதிக்க எண்ணி, அப்போது உச்சிவானில் நின்ற என்ஜிசி 613 என்னும் திரளை நோக்கித் திருப்பினார். நகர ஒளியில் படம் வெளுக்காதிருக்கச் சிறு நேரப் படங்களாகவே எடுத்தார். முதலில் எடுத்த படங்களில் இல்லாத ஒளிப்புள்ளி ஒன்று, சற்றே இடைவெளிக்குப் பின் எடுத்தவற்றில் தோன்றி வளர்ந்தது. அது சூப்பர்நோவா எனப்படும் விண்மீன் வெடிப்பு. அதன் ஒளி வெளிப்படத் தொடங்கிய கணம் அப்படங்களில் பதிவாயிற்று. மெலினா பெர்ஸ்டன் தலைமையிலான ஆய்வாளர்கள் இதனை 2018இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். இத்தகைய வாய்ப்பு மிகுதியாகக் கொண்டாலும் ஒரு கோடியில் ஒன்றே என்பது அவர்தம் கணிப்பு. ஆயினும் விழித்திருந்தவர்க்கே அவ்வாய்ப்பு வந்தது என்பது நோக்கத்தக்கது.

விளக்கணைந்த நகரம்

மற்றொரு நிகழ்ச்சியும் ஈண்டு நினையத்தக்கது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த வில்சன் மலையில், எட்வின் ஹபிள் 1923இல் எடுத்த படமே அண்ட்ரோமீடா நம் மண்டலத்துக்கு அப்பாற்பட்ட தனித்திரள் என்பதை மெய்ப்பிக்க வழிவகுத்தது. நகரம் வளர வளர அம்மலையின் வானமும் வெளுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது நகர விளக்குகள் மறைக்கப்பட்டன. அவ்விருளைப் பயன்கொண்டு, 1943இல் வால்டர் பாடே அண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியைத் தனித்தனி விண்மீன்களாகப் பிரித்துக் காட்டினார். நீரின் மாசும் நிலத்தின் மாசும் நீங்கப் பல்லாண்டுகள் வேண்டும்; ஒளிமாசோ விளக்கை மூடிய அக்கணமே அகலும் என்பதற்கு இது சான்று.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நகர வானிலும் விண்மீன் திரள்கள் உள்ளன. அவற்றின் ஒளியைப் பொறுமையுடன் திரட்டினால் அவை படத்தில் புலப்படும் என்பது தெளிவாகிறது. ஆயின், அம்மாணவர் கேட்டது படத்தை அன்று, வானத்தை. நானூறு படங்களைக் கூட்டிக் காணும் திரளை அவர் கண் ஒருபோதும் கூட்டிக் காணாது. இதனை மறைத்து விடை கூறுதல் நேர்மையன்று. கேமராவால் மீட்க இயலாத அவ்வானத்தை மீட்கும் வழி நம் கையிலேயே உள்ளது. விளக்குக்கு மேல்மூடியிட்டு ஒளியைத் தரைக்கு மட்டும் செலுத்தலாம். விழா முடிந்ததும் அலங்கார விளக்குகளை அணைக்கலாம். இல்லத்திலும் பள்ளிவாசலிலும் கல்லூரி வளாகத்திலும் இவற்றைச் செய்யப் பெரும்பொருள் வேண்டியதில்லை. வரும் தலைமுறைக்கு நாம் வானத்தைப் பற்றிய சொற்களை மட்டும் விட்டுச் செல்லப்போகிறோமா, வானத்தையும் சேர்த்தா என்பதே நம்முன் உள்ள வினா.