ஞாயிறும் திறந்தது எப்போது?

கேள்வி: கொரோனாவுக்குப் பின் சர்ச்சுகளைத் திறந்தபோது ஒரே நாளில் பழைய ஆராதனை திரும்பிவிட்டதா?
– வாசகர், சூலூர்

பதில்: எங்கே! கதவு திறந்தது, ஆராதனை தவணை முறையில்தான் வந்தது. தமிழகத்தில் எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் அனுமதி கிடைத்தது 2020 செப்டம்பர் 1-இல். மத்திய அரசின் விதிகளோ கறார்: ஆறடி இடைவெளி, முகக்கவசம், தீர்த்தம் தெளிக்கக் கூடாது, பாடகர் குழுவுக்குப் பதில் ஒலிப்பதிவு. 65 வயது தாண்டியவர்கள் வீட்டிலேயே இருக்கும்படி அறிவுரை. முன்வரிசைப் பாட்டிமார்தான் பாவம்! இரண்டாம் அலையில் மறுபடி பூட்டு. 2021 ஜூலையில் திறந்தாலும், ஆகஸ்டில் வெள்ளி, சனி, ஞாயிறு தடை வந்தது. ஞாயிறு இல்லாத சர்ச், சந்தை நாளில் மூடிய கடை மாதிரிதானே? அக்டோபர் 14-இல்தான் அது நீங்கியது. 2022 ஜனவரியில் இன்னொரு சுற்று. சபைகள் அதில் பழகியது பொறுமையைத்தான்.