கடற்கோட்டையும் படப்புதிரும்

சிறுவர் விளையாட்டுகளுள் சில உடலுக்கு உரம் அளிப்பன. சில கண்ணுக்குக் கூர்மை அளிப்பன. வேறு சில கருத்துக்குத் தெளிவு அளிப்பன. இவற்றுள் பின்னைய இரு பயன்களையும் ஒருங்கே தருவது ஜிக்சா என்னும் படப்புதிர். ஒரு படத்தை மரப்பலகையிலோ தடித்த அட்டையிலோ ஒட்டி, வளைந்தும் நெளிந்தும் செல்லும் பல துண்டுகளாக வெட்டிக் கலைத்துவிடுவர். கலைந்த துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, மறைந்த படத்தை மீண்டும் தோன்றச் செய்வதே இவ்விளையாட்டாகும்.

இது பிறந்ததே கல்வியின் பொருட்டுத்தான். 1760-ஆம் ஆண்டை அடுத்து, இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்னும் நிலப்படக் கலைஞர் ஒருவர் வாழ்ந்தார். அவர் நிலப்படங்களைப் பலகைமேல் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோடு சென்ற வழியே அறுத்து விற்றார். நாடுகளை அவற்றிற்குரிய இடத்தில் வைத்துப் பழகிய பிள்ளைகள் நிலநூலை வருத்தமின்றிக் கற்றனர். பிற்காலத்தில் கப்பல், அரண்மனை, இயற்கைக் காட்சி முதலியனவும் புதிர்களாயின. போர்க்காலத்து அரண்களின் பழைய நிழற்படங்களும் அவ்வரிசையில் சேர்ந்தன.

அவ்வாறு புதிராக்கத் தக்க படங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் தேம்சு ஆறு கடலொடு கலக்கும் கழிமுகத்தில் நின்ற நோர் கோட்டையின் படமாகும். அப்படத்தில் மதிலும் இல்லை, அகழியும் இல்லை. கடல்நீரின் நடுவே, நந்நான்கு கால்களின்மேல், எண்கோண வடிவான எஃகு வீடுகள் ஏழு நிற்கும். ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டிற்குச் செல்ல ஒடுங்கிய பாலங்கள் இருக்கும்.

இரண்டாம் உலகப்போரில் பகைவிமானங்கள் தேம்சு ஆற்றின் போக்கையே வழிகாட்டியாகக் கொண்டு இலண்டன்மீது குண்டு பொழிய வந்தன. அவற்றை வழியிலேயே தடுக்கக் கருதிய கை மான்செல் என்னும் பொறியியலறிஞர் இத்தகைய கோட்டைகளை வகுத்தார். 1943-ஆம் ஆண்டில் அக்கழிமுகத்தில் நோர், ரெட் சாண்ட்ஸ், ஷிவரிங் சாண்ட்ஸ் என்னும் மூன்று இடங்களில் அவை எழுந்தன. ஒவ்வொரு கோபுரமும் கரையிலே தனித்தனியே கட்டப்பெற்று, கடலுக்கு இழுத்துச் செல்லப்பெற்று, உரிய இடத்தில் இறக்கப்பெற்றது. கோட்டையே துண்டு துண்டாகச் செய்து பொருத்திய புதிர் அன்றோ!

ஏழு கோபுரங்களுக்கும் ஒரே பணி இல்லை. நடுவிலிருந்தது கட்டளை பிறப்பிக்கும். நான்கு பெரும்பீரங்கிகளைத் தாங்கும். ஒன்று விரைந்து சுடும் சிறுபீரங்கியைத் தாங்கும். எஞ்சிய ஒன்று இருளில் பேரொளி பாய்ச்சிப் பகைவிமானத்தைக் காட்டும். ஒளி காட்டுவதற்குச் சுடும் வலிமை இல்லை. சுடுவதற்கு இருளைக் காணும் கண் இல்லை. தனித்து நின்றால் ஒன்றும் பயன்படாது. இணைந்து நின்றமையால் ஒரு பெருநகரைக் காத்தன.

போர் முடிந்தது. 1953-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், மூடுபனியில் வழிதவறிய சுவீடன் நாட்டுக் கப்பல் ஒன்று நோர் கோட்டைமீது மோதியது. இரண்டு கோபுரங்கள் கடலில் வீழ்ந்தன; அங்கிருந்த நால்வர் உயிர்நீத்தனர். பின்னர் அக்கோட்டை முழுவதும் அகற்றப்பட்டது. 1963-ஆம் ஆண்டில் ஷிவரிங் சாண்ட்ஸ் கோட்டையும் கப்பல் மோதியதால் ஒரு கோபுரத்தை இழந்தது. இன்று நோர் கோட்டையைக் காண விழைவார்க்குப் பழைய படமே துணை.

அப்படத்தைப் புதிராகப் பொருத்துவோர் ஓர் உண்மையை உணர்வர். கோபுரத் துண்டுகளை எவரும் எளிதில் இனங்கண்டு வைப்பர். கடலும் வானுமாகிய வெறுந்துண்டுகளே பொறுமையைச் சோதிக்கும். எனினும் அவற்றை ஒதுக்கினால் கோட்டை நிற்க இடம் இராது. வரலாறும் அத்தகையதே. தளபதியரின் பெயர்கள் எளிதில் விளங்குகின்றன; இரவெல்லாம் விழித்துக் கடலைக் காத்த வீரர் பெயரோ எவருக்கும் தெரிவதில்லை. அவர்களையும் சேர்த்துப் பார்ப்போரே வரலாற்றை முழுமையாகக் கண்டோர் ஆவர்.

மற்றோர் உண்மையும் உண்டு. மேசைமேல் சிதறிய கோட்டையைச் சிறுவன் ஒரு மாலைப்பொழுதில் மீண்டும் எழுப்பிவிடுவான். போர் சிதைத்த ஊரையும் உயிரையும் அவ்வாறு பொருத்துதல் எவர்க்கும் இயலாது. போர்க்கோட்டையின் படத்தைப் பொருத்தி முடிக்கும் இளைஞர், கோட்டை வேண்டாத உலகை அமைப்பது எவ்வாறு என்று எண்ணத் தொடங்குவாராயின், அதுவே அவ்விளையாட்டின் பெரும்பயனாகும்.

பயிற்சி

1. ஜான் ஸ்பில்ஸ்பரி நிலப்படங்களை அறுத்து விற்றதனால் பிள்ளைகள் பெற்ற பயன் யாது?
2. நோர் கோட்டையின் ஏழு கோபுரங்களும் ஒன்றற்கொன்று துணையாயின எங்ஙனம்?
3. படப்புதிரின் வெறுந்துண்டுகள் வரலாற்றில் எவரைக் குறிக்கின்றன? விளக்குக.