இறுதி நாட்களில் உடனிருப்போர்

குணப்படுத்த முடியாத நோயோடு வாழ்பவரின் வலியைத் தணித்து, அவருக்கும் குடும்பத்துக்கும் துணை நிற்பதை நோய்த் தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். இறுதிக் காலத்தில் அவர்களை வைத்துப் பராமரிக்கும் இல்லமே ஹொஸ்பிஸ். மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கம் நடத்தும் 'சாந்த செவன' அத்தகையது. சம்பளமும் இல்லை, சொந்தமும் இல்லை. பிழைக்க மாட்டார் என்பதும் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரிடம் சிலர் ஏன் வலியச் சென்று அமர்கிறார்கள்?

என் உம்மும்மாவின் நோய்தான் இக்கேள்வியை எனக்குள் எழுப்பியது. சிகிச்சை முடிந்து ஹாலிஎல வீட்டுக்கு வந்த பின் அவர் நான்கு மாதங்கள் இருந்தார். முதல் வாரம் வீடு கொள்ளாத கூட்டம். மேசை நிறையப் பழங்கள், பிஸ்கட் பெட்டிகள். இரண்டாம் மாதம் எவருமில்லை. நானும் உயர்தரப் பரீட்சையைச் சாட்டாக வைத்து அந்த அறைப் பக்கம் போவதைக் குறைத்துக் கொண்டேன். மேலே தோட்டத்து லயத்திலிருந்து ஓர் அக்கா மட்டும், கொழுந்து நிறுத்த பின் வந்து, உம்மும்மாவின் தலையை வாரி, நகம் வெட்டி விடுவார். ஏன் வருகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கம்மா லயத்துல கெடந்து சாகுறப்ப நா கொழும்புல வூட்டு வேலயில இருந்தேன் புள்ள. மொகம் பாக்கக் கெடைக்கல."

சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக் கொண்டே சொன்னார்.

பிறகு இது பற்றி வாசித்தபோது, நவீன ஹொஸ்பிஸை உருவாக்கிய சிசிலி சாண்டர்ஸின் கதையிலும் ஒரு மரணமே முன்னால் நிற்கக் கண்டேன். தாதியாக இருந்து, முதுகு வலியால் அத்தொழிலை விட்டு, வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானவர் அவர். லண்டனில் புற்றுநோயால் இறந்து கொண்டிருந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதியிடம் அடிக்கடி சென்று பேசினார். 1948 இல் இறந்த டாஸ்மா, சாண்டர்ஸ் கட்டப் போகும் இல்லத்தில் தான் ஒரு ஜன்னலாக இருக்க வேண்டுமென 500 பவுண் விட்டுச் சென்றார். அதன்பின் சாண்டர்ஸ் மாலை வேளைகளில் புனித லூக்கா வைத்தியசாலைக்குத் தொண்டராகப் போனார். நோயாளி வலியால் கதறும் வரை காத்திராமல், நேரம் தவறாது மோர்பின் கொடுக்கும் முறையை அங்குதான் கண்டார். பின்னர் வைத்தியம் படித்து, 1967 இல் புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். அந்த ஜன்னல் அங்கே இருக்கிறது.

நமக்கு அருகில் உள்ள உதாரணம் கேரளம். கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் 1993 இல் வைத்தியர்கள் எம்.ஆர். ராஜகோபால், சுரேஷ்குமார் முதலானோர் நோய்த் தணிப்புப் பராமரிப்புக்காக ஒரு சங்கத்தைத் தொடங்கினர். ஆனால் படுக்கையில் கிடப்பவர் கிளினிக்குக்கு எப்படி வருவார்? எனவே பராமரிப்பு வீடு தேடிச் சென்றது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மலப்புரம் மாவட்டத்தில் அது ஊராரின் இயக்கமாகவே வளர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்கக் கூடியவர் தொண்டராகலாம். 16 மணி நேர வகுப்பும், நான்கு நாள் நேரடிப் பயிற்சியும் உண்டு. மருந்தை வைத்தியரும் தாதியும் பார்த்துக் கொள்வர். வீட்டில் அரிசி இருக்கிறதா, பிள்ளைகள் பாடசாலை போகிறார்களா என்று பார்ப்பவர் தொண்டர். செலவுக்கு ஊர் மக்களின் சிறு நன்கொடைகளும் கைகொடுக்கின்றன. 2008 இல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே வெளியிட்டது. தம் வீட்டு நோயாளியைப் பார்க்கத் தொண்டர்கள் வந்ததைக் கண்டு, பின்னர் தாமும் சேர்ந்தவர்கள் அங்கே உண்டு.

நன்மையை நாடிச் செல்வோரும் இருக்கிறார்கள். சான்றிதழுக்காகப் போவோரையும் நான் குறை சொல்ல மாட்டேன். போய்ப் பார்த்தபின் காரணம் மாறக் கூடும். முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் நோயாளியை நலம் விசாரிப்பதையும் ஜனாஸாவைப் பின்தொடர்வதையும் நபி (ஸல்) அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். இரண்டாவதை நம் ஊர் தவறவிடுவதில்லை. உம்மும்மாவின் ஜனாஸா அன்று வாசலில் செருப்பு வைக்க இடமிருக்கவில்லை.

எங்கள் தெருவில் ஒரு மாமி பாரிசவாதத்தால் படுக்கையில் இருக்கிறார். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு நானும் என் தோழியும் போகிறோம். முதல் நாள் எனக்குப் பேச எதுவும் வரவில்லை. மாமிதான், சீப்பு எங்கே இருக்கிறதென்று கண்ணால் காட்டினார்.