புளியங்கூடலும் உலக வரலாறும்

"பிரெஞ்சுப் புரட்சியைப் படிச்சு என்ர பேரன் என்ன செய்யப்போறான், பாதர்? அது எங்கட காணியைத் திருப்பித் தருமோ?"

1990இல் புளியங்கூடலிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு பெரியவர் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். விடையை அவருடைய ஊரிலிருந்தே தேடுவோம்.

ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். புளியங்கூடல் அமைந்துள்ள வேலணைத்தீவுக்குத் தமது நகரான லெய்டனின் பெயரை இட்டனர். நம் முன்னோரின் காணிகளைத் தோம்பில் பதிந்து வரி அறவிட்டனர்.

1789இல் பிரான்சில் புரட்சி வெடித்தது. 1795இன் தொடக்கத்தில் பிரெஞ்சுப் படைகள் ஒல்லாந்தரின் தாய்நாடான நெதர்லாந்தைக் கைப்பற்றின. அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் இங்கிலாந்துக்குத் தப்பியோடினார். அவரும் இடம்பெயர்ந்தவரே! ஒல்லாந்தரின் குடியேற்ற நாடுகள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போகாதபடி பிரித்தானியப் படைகளை அனுமதிக்குமாறு அங்கிருந்து கடிதங்கள் எழுதினார். அவ்வாண்டு ஆகஸ்டில் திருகோணமலையும், செப்டெம்பரில் யாழ்ப்பாணமும், 1796 பெப்ரவரியில் கொழும்பும் பிரித்தானியர் வசமாயின.

பரிசில் மூண்ட நெருப்பின் புகை ஆறே ஆண்டுகளில் நம் தோட்டவேலிக்கு வந்துவிட்டது. தோட்டக்காரரை எவரும் கேட்கவில்லை.

ஆகவே, பிள்ளை ஆண்டுகளை மனனம் செய்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாடத்திலும் நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: முடிவெடுத்தவர் யார்? ஏன் எடுத்தார்? சுமையைச் சுமந்தவர் யார்? அதை எழுதிவைத்தவர் யார்?

இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டாம் உலகப் போரின் அகதிகளை மனதிற்கொண்டு 1951இல் உருவான உடன்படிக்கை, நாட்டின் எல்லையைக் கடந்தவர்களையே காத்தது. சொந்த நாட்டினுள் இடம்பெயர்ந்தோருக்காக 1998இல் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள் வந்தன. விட்டுச்சென்ற சொத்துப் பாதுகாக்கப்பட வேண்டும், திரும்புவோர் அதை மீளப்பெற அதிகாரிகள் உதவ வேண்டும் என அவை கூறுகின்றன. அவை கட்டாயச் சட்டமல்ல. எனினும், கச்சேரிக்குப் போகும்போது "இது எங்கள் உரிமை" என்று எடுத்துச்சொல்ல ஓர் ஆதாரம்.

பெரியவரே, வரலாறு காணியைத் திருப்பித் தராது. ஆனால் எதை, யாரிடம், எப்படிக் கேட்பது என்று உங்கள் பேரனுக்குக் கற்றுத்தரும்.

செய்துபார்க்க:

இன்றிரவு பேரப்பிள்ளையை அருகில் இருத்துங்கள். காணியின் பெயர், எத்தனை பரப்பு, நான்கு எல்லைகள், உறுதி இலக்கம், ஊரைவிட்ட நாள் ஆகியவற்றை நீங்கள் சொல்லச்சொல்ல, வரலாற்றுக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் பிள்ளை எழுதட்டும். அன்று ஆட்சியாளர் தோம்பு எழுதினர். நமது தோம்பை இன்று நாமே எழுதுவோம்.